பப்பாளி கொடுக்காதே

தியானப் பகுதி: மத்தேயு 10:16, சங்கீதம் 121, லூக்கா 23:26





சென்ற ஞாயிறு ஆராதனை முடிந்து நான் ஆலய வாசலில் நின்றபோது, நம் சபைத் தாயார் ஒருவர் அருகே வந்தார். அவருடைய மகளும் மருமகனும் வேலையின் நிமித்தமாகக் கொலம்பியா நாட்டின் தலைநகரான பொகோட்டாவுக்குப் புறப்படுகிறார்கள். "ஐயா, நீங்கள் போய் வந்த ஊர்தானே! அங்கே திருட்டுப் பயம் அதிகம் என்கிறார்கள். பிள்ளைகளுக்கு நாலு புத்தி எழுதிக் கொடுங்கள்" என்றார். சொல்லும்போதே அவர் குரல் தழுதழுத்தது.

அன்றிரவே எழுத உட்கார்ந்தேன். எழுத எழுத, மூன்று ஆண்டுகளுக்கு முன் அந்நகரத்தில் நடந்த போதகர் கூடுகை ஒன்றுக்குச் சென்று திரும்பியபின் உங்கள் முன்னிலையில் நான் கூறிய சாட்சி நினைவுக்கு வந்தது. என் கைப்பேசி பறிபோனதைச் சொன்னேன். கர்த்தர் என்னைச் சேதமின்றிக் காத்ததைச் சொன்னேன். நீங்களும் தேவனுக்கு ஸ்தோத்திரம் செலுத்தினீர்கள். ஆனால் அந்தச் சாட்சியில் பாதியை நான் சொல்லாமல் விட்டுவிட்டேன். ஆகவே இந்த வாரத் தியானம் அந்தப் பிள்ளைகளுக்குப் பயணக் குறிப்பாகவும், உங்களுக்கு நான் கடன்பட்டிருக்கும் மறுபாதியாகவும் அமையட்டும்.

புறப்படும் முன்

முதலாவது, மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. பொகோட்டா உயர்ந்த மலைச் சமவெளியில் இருப்பதால் நகருக்குள் அந்நோயின் அச்சம் இல்லை. கொலம்பியாவின் தாழ்நிலக் காடுகளில்தான் அது உண்டு. ஆனாலும் அந்நாட்டிலிருந்து இந்தியாவுக்குத் திரும்புகிறவர்கள் ஊசி போட்டதற்கான சான்றிதழை விமான நிலையத்தில் காட்ட வேண்டும். இல்லாதவர்களைச் சில நாட்கள் தனிமைப்படுத்தி வைக்க நம் அரசுக்கு அதிகாரம் உண்டு. ஊசி போட்டு 10 நாட்கள் கழிந்த பின்னரே சான்றிதழ் செல்லும். சென்னை கிண்டியிலுள்ள கிங் நோய்த்தடுப்பு நிலையத்தில் இந்த ஊசி போடுகிறார்கள். கடைசி வாரத்துக்கு இதைத் தள்ளிப்போடாதீர்கள். விசாவைப் பற்றிப் பிறர் சொல்வதை நம்பாமல், டெல்லியிலுள்ள கொலம்பியத் தூதரகத்தின் விதிகளையே பாருங்கள்.

இரண்டாவது, உடை. பூமத்திய ரேகைக்கு அருகிலுள்ள ஊர் என்பதால் வெயில் கொளுத்தும் என்று எண்ணி நான் மெல்லிய சட்டைகளையே எடுத்துச் சென்றேன். பொகோட்டா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,640 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் நீலகிரியின் தொட்டபெட்டா சிகரம் 2,637 மீட்டர். அந்தச் சிகரத்தின் உயரத்தில் ஏறத்தாழ 80 லட்சம் மக்கள் வாழும் ஒரு மாநகரம் பரந்து கிடப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். ஆண்டு முழுவதும் பகலில் 19 டிகிரி, இரவில் 8 டிகிரி என்ற அளவிலேயே குளிர் இருக்கும். காலையில் வெயில், நண்பகலில் மழை, மாலையில் மீண்டும் வெயில் என்று ஒரே நாளில் மூன்று பருவங்களையும் காணலாம். ஒன்றின்மேல் ஒன்றாக அணியத்தக்க உடைகளும், பையில் எப்போதும் ஒரு குடையும் இருக்கட்டும். குளிர்கிறதே என்று வெயிலை அலட்சியம் செய்யாதீர்கள். அந்த உயரத்தில் சூரியன் தோலை விரைவில் சுட்டுவிடும்.

மின்சாரம் அங்கே 110 வோல்ட். தட்டையான முனைகளுள்ள பிளக் தேவைப்படும். பணத்தாள்கள் 2,000 பெசோவில் தொடங்கி 1,00,000 பெசோ வரை உண்டு. தாளின்மேல் 'மில்' என்றிருந்தால் ஆயிரம் என்று பொருள். ஐம்பது என்று எண்ணி ஐம்பதாயிரத்தை நீட்டிவிட வேண்டாம். நம் நேரம் அவர்கள் நேரத்தைவிட பத்தரை மணி முந்தியது. ஞாயிறு காலை 8.30-க்கு நம் ஆலய மணி ஒலிக்கையில் அங்கே சனி இரவு 10 மணி. விழித்திருந்தால் எங்களோடு சேர்ந்து நீங்களும் ஜெபிக்கலாம்.

மலையைப் பாருங்கள்

அவ்வளவு உயரத்தில் காற்று மெலிந்திருக்கும். முதல் இரண்டு நாட்கள் மெதுவாக நடந்து, நிறையத் தண்ணீர் குடித்து, வயிற்றை நிரப்பாமல் உண்டு, நன்றாக உறங்குங்கள். தலைவலியும் மூச்சிரைப்பும் வந்தால் அஞ்ச வேண்டாம், ஆனால் ஓய்வெடுங்கள். இந்த ஆலோசனையை என்னை உபசரித்த உள்ளூர்ப் போதகர் எனக்கும் சொன்னார். நான் கேட்கவில்லை. அதன் பலனைப் பின்னால் சொல்கிறேன்.

நகரில் வழி கண்டுபிடிப்பது எளிது. 'காய்யே' எனப்படும் தெருக்கள் கிழக்கு மேற்காகவும், 'கர்ரேரா' எனப்படும் சாலைகள் வடக்கு தெற்காகவும் ஓடுகின்றன. வடக்கே போகப் போகக் காய்யேயின் எண் கூடும். மேற்கே போகப் போகக் கர்ரேராவின் எண் கூடும். காய்யே 26, எண் 13-19 என்றால், 26-ஆம் தெருவில், 13-ஆம் சாலையின் சந்திப்பிலிருந்து ஏறத்தாழ 19 மீட்டர் தொலைவிலுள்ள வாசல் என்று பொருள். ஆங்காங்கே தெருக்கள் வளைந்தாலும் கணக்கு பெரும்பாலும் பொய்க்காது.

வழி தவறினால் மலையைப் பாருங்கள். நகரின் கிழக்கு எல்லை முழுவதும் மலைத்தொடர் மதில்போல நிற்கிறது. எந்தத் தெருவிலிருந்து பார்த்தாலும் மலை இருக்கும் திசை கிழக்கு. அந்நியத் தெருக்களில் தலை சுற்றி நின்றபோதெல்லாம் நான் அதைத் தேடினேன். 121-ஆம் சங்கீதத்தைப் பாடிய யாத்திரிகனும் அப்படித்தான் மலைகளை நோக்கினான். ஆனால் அவன் மலையோடு நின்றுவிடவில்லை. மலை திசையைக் காட்டும். துணைக்கு வருகிறவர் மலையை உண்டாக்கியவர் என்று அறிந்தான். பிள்ளைகளே, வழிகாட்டும் செயலி கைப்பேசியில் இருக்கட்டும். அது இல்லாத வேளையிலும் திசை அறிய மலையும், துணை நிற்கக் கர்த்தரும் உண்டு.

நகருக்குள் செல்ல 2000-ஆம் ஆண்டு முதல் ஓடும் டிரான்ஸ்மிலேனியோ பேருந்துகள் உண்டு. அவற்றுக்கென்றே ஒதுக்கிய தடத்தில் நெரிசலைக் கடந்து செல்லும். 'து யாவே' என்ற அட்டையில் பணம் போட்டுக்கொண்டு ஏற வேண்டும். வாடகைக் காரைத் தெருவில் கைகாட்டி நிறுத்தாமல் செயலி வழியாகவோ, தங்கும் விடுதி வழியாகவோ வரவழையுங்கள். ஞாயிறு காலை 7 மணி முதல் மதியம் 2 மணி வரை 120 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட சாலைகளை மோட்டார் வாகனங்களுக்கு அடைத்து, சைக்கிளில் செல்வோருக்கும் நடப்போருக்கும் திறந்துவிடுகிறார்கள். 1974-இல் தொடங்கிய வழக்கம் இது. தாத்தாவும் பேரனும், செல்வந்தரும் கூலியாளும் ஒரே சாலையில் செல்லும் அந்தக் காட்சியைத் தவறவிடாதீர்கள்.

பொன் அருங்காட்சியகம் திங்களன்று மூடியிருக்கும்; ஞாயிறன்று கட்டணம் இல்லை. நகருக்கு வடக்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டரில், சிப்பகிரா என்னும் ஊரில், உப்புச் சுரங்கத்துக்குள் பூமிக்கடியில் ஏறத்தாழ 180 மீட்டர் ஆழத்தில் குடைந்த ஓர் ஆலயம் உண்டு. இப்போதுள்ள ஆலயம் 1995-இல் திறக்கப்பட்டது. இருளில் இறங்கும் முன் சுரங்கத் தொழிலாளர்கள் நின்று ஜெபித்த வழக்கமே அதற்கு வித்து.

பப்பாளியும் வெல்ல நீரும்

இனி அந்தத் தாயார் கேட்ட காரியத்துக்கு வருகிறேன். பொகோட்டாவில் எல்லோர் வாயிலும் ஒரு சொல் உண்டு: 'நோ தார் பப்பாயா.' பப்பாளி கொடுக்காதே என்று பொருள். அறுத்த பழத்தைத் தட்டில் வைத்து நீட்டினால் எவனும் எடுத்துத் தின்பான். அதுபோலத் திருட எண்ணாதவனையும் திருடத் தூண்டும் வாய்ப்பை நீயே ஏற்படுத்தாதே என்கிறார்கள். தெருவில் நின்று கைப்பேசியைப் பார்க்காதே. பார்க்கவேண்டுமானால் ஒரு கடைக்குள் நுழைந்து பார். நகை அணியாதே. பையை முன்பக்கம் மாட்டு. ஏடிஎம் இயந்திரத்தை வணிக வளாகத்துக்குள் மட்டுமே பயன்படுத்து. லா கந்தலாரியா என்னும் பழைய நகரின் தெருக்கள் பகலில் அழகானவை; இருட்டியபின் அங்கே தனியே நடக்காதே. அறிமுகமற்றவர் தரும் பானத்தையோ சிகரெட்டையோ வாங்காதே. மயக்க மருந்து கலந்து கொள்ளையடிப்பது அங்கே நடந்திருக்கிறது. ஆபத்தில் 123 என்ற எண்ணை அழை.

இவை அத்தனையும் நல்ல ஆலோசனைகள். பிள்ளைகளே, இவற்றுள் ஒன்றையும் தள்ளாதீர்கள். நான் தள்ளினேன். வந்த மறுநாளே ஒரு தெருமுனையில் நின்று கைப்பேசியில் வழி பார்த்துக்கொண்டிருந்தேன். இரு சக்கர வாகனம் ஒன்று நடைபாதையை உரசி வந்தது. பின்னால் அமர்ந்திருந்தவன் கை நீண்டது. அவ்வளவுதான். நான் கத்தவும் நேரமில்லை.

என்னை உபசரித்த போதகர் அன்று மாலை எனக்கு 'அகுவா பனேலா' கொடுத்தார். பனேலா என்பது சுத்திகரிக்காத கரும்புச் சர்க்கரை, நம் வெல்லந்தான். அதை வெந்நீரில் கரைத்து, சில வீடுகளில் எலுமிச்சை பிழிந்தும், சில வீடுகளில் பாலாடைக்கட்டித் துண்டை உள்ளே போட்டும் குடிக்கிறார்கள். பானகத்தைச் சூடாகக் குடிப்பதுபோல் இருந்தது. உயரத்தின் தளர்ச்சிக்கும் குளிருக்கும் அங்கே எல்லோரும் நாடுவது அதுவே. அந்தச் சுவையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; இனி நான் சொல்லப்போவது அதைப் பற்றியதுதான்.

நான் சொல்லாமல் விட்டது

மூன்றாம் நாள் காலையில் மான்செரராத்தே மலைக்குச் சென்றோம். நகரின் கிழக்கே 3,152 மீட்டர் உயரத்தில் நிற்கும் குன்று அது. 1929 முதல் இழுவை ரயிலும், 1955 முதல் கம்பி வண்டியும் அதற்கு உண்டு. உபசரித்த போதகர் கம்பி வண்டிக்குச் சீட்டு வாங்கலாம் என்றார். எனக்கோ யாத்திரிகர்கள் நடக்கும் படிப்பாதையில் ஏறவேண்டும் என்ற வீம்பு. வாலிப நாட்களில் மலையேறியவன் அல்லவா! பாதிகூடக் கடக்கவில்லை. நெஞ்சு படபடத்தது, கண் இருண்டது. வழியோரத் திட்டில் உட்கார்ந்துவிட்டேன். சற்றுமுன் கடந்த கடையில் தண்ணீர் வாங்கிவருவதாகச் சொல்லிவிட்டு அவர் இறங்கினார்.

எதிரே தார்ப்பாய் வேய்ந்த சிறு கடையொன்று இருந்தது. அதிலிருந்து ஒரு மூதாட்டி, கையில் ஆவி பறக்கும் குவளையோடு என்னை நோக்கி வந்தார். குனிந்து ஏதோ சொன்னார். அதில் 'சுமெர்ஸே' என்ற சொல் இரண்டு முறை வந்தது. நான் பையை இரு கைகளாலும் மார்போடு இறுக்கிக்கொண்டு, "நோ, நோ" என்று உரக்கக் கத்தி, தோளைத் திருப்பிக்கொண்டேன். அவர் ஒரு நிமிடம் நின்றார். பிறகு அந்தக் குவளையைத் திட்டின் மறுமுனையில், என் கைக்கு எட்டும் தொலைவில் வைத்துவிட்டுப் போய்விட்டார். தம் கையிலிருந்து வாங்க எனக்கு விருப்பமில்லை போலும் என்று எண்ணினாரோ என்னவோ. ஏறி வந்த யாத்திரிகர் இருவர் அதே அண்டாவிலிருந்து அதே வெல்ல நீரை வாங்கிக் குடிப்பதை நான் பார்த்தேன். பார்த்தும் தொடவில்லை. ஆவி அடங்கிற்று. ஒரு சிறுவன் வந்து ஆறிப்போன குவளையை எடுத்துச் சென்றான்.

போதகர் திரும்பியதும், பெருமையோடு சொன்னேன்: "பப்பாளி கொடுக்கவில்லை!" அவர் நடந்ததை முழுவதும் கேட்டார். பின் அமைதியாகச் சொன்னார்: "பானத்தை மறுத்தது தவறல்ல. என் மகளுக்கும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் மறுக்கும்போது அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்தீர்களா?"

நான் பார்க்கவில்லை. இன்றுவரை அவர் முகம் எனக்குத் தெரியாது. குவளையும், அதைப் பிடித்திருந்த விரல்களும், கம்பளிப் போர்வையின் ஓரமும் மட்டுமே நினைவில் உள்ளன.

அந்தச் சொல்லின் பொருளைக் கேட்டேன். 'சு மெர்செத்' என்ற பழைய மரியாதைச் சொல் குறுகி 'சுமெர்ஸே' ஆனது என்றார். 'உமது தயவு', 'உமது இரக்கம்' என்று பொருள். நம் கிராமத்து மூதாட்டிகள் முன்பின் அறியாதவரையும் 'மவராசா' என்று அழைப்பதுபோல, அந்த மலைநாட்டுப் பெரியவர்கள் பிறரை இரக்கம் என்ற பெயரால் அழைக்கிறார்கள். இரக்கமற்றுத் தோளைத் திருப்பிய என்னை அவர் இரண்டு முறை அப்படி அழைத்திருக்கிறார்.

மான்செரராத்தே உச்சியிலுள்ள ஆலயத்தில், சிலுவையின் பாரத்தால் தரையில் விழுந்து கிடக்கும் ஆண்டவரின் உருவம் இருக்கிறது. 17-ஆம் நூற்றாண்டில் செதுக்கப்பட்டது. சுரூபங்களை வணங்கும் வழக்கம் நமக்கு இல்லை; அவர் விழுந்தார் என்று சுவிசேஷங்கள் எழுதவும் இல்லை. ஆனால் சிரேனே ஊரானாகிய சீமோன் என்ற வழிப்போக்கன்மேல் அவருடைய சிலுவை வைக்கப்பட்டதை லூக்கா எழுதியிருக்கிறார். உலகைத் தாங்குகிறவர் ஓர் அந்நியனின் தோளைத் தள்ளிவிடவில்லை. அவருடைய ஊழியன் என்று சொல்லிக்கொள்ளும் நானோ, ஓர் அந்நியரின் குவளைக்கு முதுகைக் காட்டினேன்.

கடைசி நாள் அதே பாதையில் மெதுவாக ஏறினேன். பொகோட்டாவில் மன்னிப்புக் கேட்கும் விதத்தைப் போதகரிடம் கற்றிருந்தேன்: 'கே பேனா கோன் உஸ்தெத்.' உங்களிடம் இப்படி நடந்துகொண்டேனே, எனக்கு வருத்தமாயிருக்கிறது என்பது அதன் கருத்து. வழியெல்லாம் அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். கடை மூடியிருந்தது. தார்ப்பாய் கயிற்றால் கட்டப்பட்டிருந்தது. அரை மணி நேரம் காத்திருந்து இறங்கிவந்தேன்.

ஊர் திரும்பி, உங்கள் முன் நின்று, என்னிடமிருந்து களவுபோனதை மட்டும் சாட்சியாகச் சொன்னேன்.

நம் வாசலில்

நம் ஆண்டவர் சீடர்களை அனுப்பியபோது ஓநாய்கள் இல்லை என்று சொல்லவில்லை. பாம்பின் விவேகத்தையும் புறாவின் கபடின்மையையும் அவர் ஒரே மூச்சில் கேட்டார். நான் முதல் இரண்டு நாளும் விவேகமின்றி இருந்தேன். மூன்றாம் நாள் விவேகம் மட்டுமே போதும் என்று எண்ணினேன். விவேகம் கையைக் காக்க வேண்டியது. எதை வாங்குவது, எதை மறுப்பது, எங்கே நடப்பது என்று அது சொல்லட்டும். முகத்தை அதனிடம் ஒப்படைக்கக் கூடாது. மறுக்கும்போதும் மனிதரின் முகத்தைப் பார்த்து, நன்றி சொல்லி மறுக்கலாம். அந்த மூதாட்டியிடம் அவ்வளவு செய்திருந்தால் என்னிடமிருந்து ஒன்றும் குறைந்திராது.

சில மாதங்களுக்கு முன் கட்டட வேலைக்காக வட மாநிலத்திலிருந்து வந்த இருவர் நம் ஆராதனைக்கு வந்து கடைசி இருக்கையில் அமர்ந்தார்கள். அருகிலிருந்த கைப்பைகள் மெல்ல மறுபக்கம் நகர்ந்ததை நான் பீடத்திலிருந்து கண்டேன். மறுவாரம் அவர்கள் வரவில்லை. அன்று நான் ஒன்றும் பேசவில்லை. பேச எனக்கு வாய் இல்லை. ஏன் இல்லை என்பதை இப்போது அறிவீர்கள். அவர்கள் தங்கியிருக்கும் இடத்தை விசாரித்திருக்கிறேன். வரும் சனிக்கிழமை மாலை 5 மணிக்கு அங்கே போகிறேன். என்னோடு வர விரும்புகிறவர்கள் ஆலய வாசலில் காத்திருங்கள்.

அம்மா, உங்கள் பிள்ளைகளுக்கு நான் எழுதித் தரும் புத்தி இதுவே. ஊசி போட்டுக்கொள்ளட்டும், கம்பளி எடுத்துச் செல்லட்டும், பப்பாளி கொடுக்காதிருக்கட்டும். அங்கே நண்பரையும் உறவினரையுங்கூட 'உஸ்தெத்' என்று, நாம் 'நீங்கள்' என்பதுபோல மரியாதையாக அழைப்பவர்கள் பலர்; அந்த மரியாதையை இவர்களும் கற்றுக்கொள்ளட்டும். ஒருநாள் உள்ளூர் விசுவாசிகளோடு மான்செரராத்தே மலையில் ஏறினால், படிப்பாதையின் ஓரம் தார்ப்பாய் போட்ட கடை திறந்திருக்கிறதா என்று பார்க்கட்டும். திறந்திருந்தால் இரண்டு குவளை அகுவா பனேலா வாங்கிக் குடித்து, பணத்தைக் கையில் கொடுக்கும்போது அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்து, நான் சொல்ல முடியாமற்போனதை எனக்காகச் சொல்லட்டும்.

ஜெபம்

இரக்கமுள்ள பிதாவே, தூர தேசத்துக்குப் போகிற எங்கள் பிள்ளைகளின் போக்கையும் வரத்தையும் காத்தருளும். அவர்களுக்கு விவேகத்தைத் தாரும். அந்த விவேகம் அச்சமாகவும் கடினமாகவும் மாறாதபடி அவர்களைக் காத்துக்கொள்ளும். நாங்கள் முகம் திருப்பிய மனிதர்களை நீர் அறிவீர். அவர்களை ஆசீர்வதியும், எங்களை மன்னியும். எங்கள் வாசலுக்கு வருகிறவர்களின் முகத்தைக் காண எங்களுக்குக் கண்களைத் தாரும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் வேண்டுகிறோம், பிதாவே. ஆமென்.